வழங்கலும் வீண்செலவும்: பொட்லாச் சடங்கும் டெல்லி தர்பாரும்

சடங்குகளிலே வெளிப்படும் செல்வப் பகட்டினை வெறும் ஆடம்பரம் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், யாருடைய செலவினை யார் வீண்செலவு என்கின்றனர் என்பதே சமூகவியல் நோக்கில் முதன்மையான வினாவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரித்தானிய முடியின் கீழ் நிகழ்ந்த இரு சடங்குகளை அருகருகே வைத்து நோக்கின் இது தெளிவுறும்.

கனடாவின் பசிபிக் கரையில், வன்கூவர் தீவின் வடபகுதியிலும் அதற்கெதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் வாழ்வோர் குவாக்குவாக்காவாக்கு மக்கள். மணம், இறப்பு, பட்டப்பெயர் ஏற்றல் ஆகியவற்றையொட்டித் தலைவன் ஒருவன் பிற குழுவினரை அழைத்து, விருந்தளித்து, பொருள்களை வழங்குவதே அவர்களது பொட்லாச். வந்தோர் வெறும் விருந்தினரல்லர், சாட்சிகள். பரிசிலை ஏற்பதன் மூலம் தலைவனது பெயரையும் உரிமைகளையும் அவர்கள் அங்கீகரிக்கின்றனர். எழுத்தாவணம் இல்லாத சமூகத்தில் இதுவே உறுதிப்பத்திரமாயிற்று. பரிசில் வழங்கும் ஒழுங்கே தரவரிசையையும் புலப்படுத்திற்று. உயர்குடியினரிடம் இருந்த செப்புத் தகடுகள் கைமாறுந்தோறும் மதிப்பில் உயர்ந்தன. போட்டியாளனை நாணச் செய்தற்பொருட்டு அவற்றை உடைப்பதும் உண்டு.

றூத் பெனடிக்ற் 1934இல் வெளியிட்ட நூலில் இப்போட்டியினை அம்மக்களின் பண்பாட்டு மனோபாவமாகவே கண்டார். இது வரலாற்றினைக் கணக்கிற் கொள்ளாத விளக்கமாகும். 1849இல் ஹட்சன் விரிகுடாக் கம்பனி அப்பகுதியிற் கோட்டை அமைத்தபின் அதன் கம்பளிப் போர்வைகள் பரிசில் அலகாயின. பின்னர் மீன் தகரத் தொழிற்சாலைகளின் கூலிப்பணமும் வந்து சேர்ந்தது. மறுபுறத்தே, ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களால் மக்கள்தொகை பெரிதும் வீழ்ச்சியுற்றது. பட்டங்கள் பல உரியோரின்றி நின்றன. அவற்றுக்கு உரிமை கோருவோரிடம் முன்னில்லாத அளவிற் பண்டங்களும் இருந்தன. 1950இல் ஹெலன் கோடியர் எடுத்துக்காட்டியவாறு, பொட்லாச் பெருகியமை இம்மாற்றத்தின் விளைவே. ‘புராதனம்’ எனப்பட்ட பகட்டிலே வணிக முதலாளித்துவத்தின் கைரேகை இருந்தது.

எனினும் கனடிய அரசு அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 1884இல் இயற்றப்பட்ட தடை மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பாதிரிமாரும் அதிகாரிகளும் கூறிய காரணங்களுள் முக்கியமானது, அது உழைப்பையும் சேமிப்பையும் கெடுக்கிறது என்பதாகும். தனிச்சொத்தைத் திரட்டாது வழங்கிவிடும் மனிதன் புதிய ஒழுங்குக்குப் பொருந்தாதவனானான். 1921 டிசெம்பரில் டான் கிரான்மர் நடத்திய பெரும் பொட்லாச்சின் பின்னர் பலர் சிறை சென்றனர்; முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டு ஒட்டாவா, ரொறன்ரோ நூதனசாலைகளுக்குச் சென்றன.

இத்தடைக்கு ஏழாண்டுகள் முன்னர், 1877 ஜனவரி 1ஆந் திகதி, விக்டோரியாவை இந்தியப் பேரரசியாகப் பிரகடனஞ் செய்ய லிற்றன் பிரபு டெல்லியில் தர்பார் கூட்டினார். சுதேச மன்னர்களுக்குக் கொடிகளும் பதக்கங்களும் வழங்கப்பட்டன. பீரங்கி வேட்டுகளின் எண்ணிக்கை அவரவர் தரத்தை அளந்தது. அவ்வேளையிலே தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. 1876–78இல் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எனக் கணிக்கப்படுகிறது. பஞ்சத்துக்குத் தப்பிய ஏழைகள் பெருந்தொகையினராய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை வந்தடைந்தனர். தர்பாரை வீண்செலவெனத் தடைசெய்யச் சட்டம் எதுவும் எழவில்லை.

பொட்லாச்சினைச் சமத்துவச் சடங்காகக் கற்பித்தலும் தவறாகும். அது தரவேறுபாட்டின் சடங்கே. அச்சமூகத்தில் அடிமைகளும் இருந்தனர். ஆயின் அங்கே மேன்மை கோரியவன் தன் கையிலுள்ளதை மற்றவர் முன்னிலையில் இழக்கவேண்டியிருந்தது. தர்பாரிலோ, மக்களிடமிருந்து வரியாய்ப் பெற்ற செல்வம் ஆதிக்கத்தின் அணியாகத் திரும்பி, அவர்களுக்கே காட்சியாக்கப்பட்டது. முன்னையதில் பொருள் சுற்றி வந்தது. பின்னையதில் பணிவு மட்டுமே மேல்நோக்கிச் சென்றது.

1951இல் அத்தடை சட்டத்திலிருந்து நீங்கிற்று. பறிக்கப்பட்டவற்றுட் பல மீண்டு, 1980இல் அலேட் பேயில் திறக்கப்பட்ட உமிஸ்ரா பண்பாட்டு நிலையத்தில் வைக்கப்பட்டன. சடங்கினை ஆராய்வோர் அதன் பொலிவோடு நின்றுவிடலாகாது. செலவிடப்படும் பொருளை ஆக்கியவர் யார், அதனைப் பெறுபவர் யார், அதனைக் குற்றமென விதிக்கும் அதிகாரம் யாருடையது என்பனவே கேட்கப்படவேண்டியவை. இவ்வினாக்கள் எழாதவிடத்து, ஆளுவோரின் தீர்ப்பே ஆய்வின் முடிவாகிவிடும்.