பிரிட்டனின் அறக்கொடைக் கடைகள்

பொதுமக்கள் கொடையாக அளிக்கும் பழைய ஆடைகள், நூல்கள், பாத்திரங்கள் முதலியவற்றை விற்று, வரும் பணத்தை அறப்பணிக்குச் செலவிடும் ‘சாரிட்டி ஷாப்’ எனப்படும் அறக்கொடைக் கடைகள், பிரிட்டனின் பெரும்பாலான ஊர்க் கடைவீதிகளில் காணப்படுகின்றன. பஞ்ச நிவாரணத்துக்காக 1942இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தொடங்கப்பட்ட ஆக்ஸ்ஃபாம் அமைப்பு, 1940களின் இறுதியில் அந்நகரின் பிராட் தெருவில் திறந்த கடை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். பணியாளர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் என்பதாலும், வணிகக் கட்டடங்களுக்கான உள்ளாட்சி வரியில் அறநிறுவனங்களுக்கு 80 விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதாலும், வாடகை மிகுந்த வீதிகளிலும் இவை நிலைத்து நிற்கின்றன.

பொருள்கள் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தாரிடமிருந்தே வருவதால், வசதி படைத்தோர் வாழும் பகுதிகளில் தரமான கம்பளி மேலாடைகளும், பல்கலைக்கழக நகரங்களில் நல்ல நூல்களும் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. சில பொருள்களில் ஒட்டப்பட்டிருக்கும் பார்கோடு சீட்டு கொடையாளர் இன்னார் என்பதைக் கடைக்கு உணர்த்துவது. அவர் வருமான வரி செலுத்துபவராயின், விற்பனைத் தொகையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ், ‘கிஃப்ட் எய்டு’ எனும் திட்டத்தின்கீழ் அரசிடமிருந்து அறநிறுவனத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. குளிர்காலத்துக்கென இங்கே மேலாடை வாங்கும் பயணியர், ஊர் திரும்புமுன் அதனை மீண்டும் இத்தகைய கடையொன்றுக்கே கொடையாக அளித்துச் செல்லலாம்.