முதலில் ஆடை, பிறகு நூல்

புதிதாக வாங்கிய டி-ஷர்ட்டை நாலைந்து முறை துவைத்த பிறகு அதன் பக்கத் தையலைக் கவனித்துப் பாருங்கள். இடுப்போரமாக நேரே இறங்க வேண்டிய தையல், சில சட்டைகளில் கோணிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். தைத்தவர் மேல் பழி போடத் தோன்றும். அவர் நேராகத்தான் தைத்திருப்பார், கோணியது துணி. அதைக் கோண வைத்தது நூலுக்குள் அடைபட்டிருந்த முறுக்கு. ஒற்றைப் புரி நூல் எப்போதும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும். நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அதன் ஆட்டம் செல்லாது. பின்னிய துணியிலோ கண்ணிகள் தளர்வாக நிற்கின்றன. முறுக்கு ஒவ்வொரு கண்ணியையும் ஒரே பக்கமாகச் சாய்க்கிறது. தண்ணீர் பட்டதும் அந்தச் சாய்வு மொத்தமாக வெளியே தெரிகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இதை ஸ்பைராலிட்டி என்பார்கள். பின்னல் எந்திரத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் முதற்காரணம் நூலின் முறுக்குதான். சட்டை எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதி, கத்தரி படுவதற்கு முன்பே நூற்பாலையில் முடிவாகிவிடுகிறது.

ஆலையில் நூற்பவர் ஒருவர், பின்னுபவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர். ராட்டையிலும் தக்ளியிலும் நூற்ற கதர்க் காலத்திலும் அப்படித்தான்: நூற்றவர் சிட்டத்தைக் கொடுத்துவிடுவார், நெசவாளி வேறொருவர். முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே நூல் கைமாறுவதால்தான் அதற்கு நம்பர் தேவைப்பட்டது. 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது இருக்கும் என்பது பருத்தி நூலுக்குச் செல்லும் கணக்கு. ஆனால் தானே கம்பளி நூற்று, அதைத் தானே ஊசியில் பின்னும் பழக்கம் குளிர்நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. இன்று உலகெங்கும் பலர் அதை விருப்பக் கலையாகச் செய்கிறார்கள். இவர்களுக்கு நூல் கைமாறுவதே இல்லை. ஆட்டு மயிர் முதல் சட்டைக் கழுத்து வரை எல்லா முடிவும் ஒரே கையில் இருக்கிறது. இவ்வளவு அதிகாரம் இருந்தும் பலர் செய்வது என்ன? கண்ணுக்கு அழகாகத் தெரிந்த கம்பளியை வாங்குகிறார்கள், கை போன போக்கில் நூற்கிறார்கள், சிட்டங்களை அடுக்கி வைத்துவிட்டு, இதில் என்ன பின்னலாம் என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் ஆடையை முடிவு செய்ய வேண்டும். ஆடைக்கேற்ற நூல், நூலுக்கேற்ற இழை என்று பின்னோக்கிப் போக வேண்டும். கையால் நூற்பதன் பயன் முழுதாகக் கிடைக்கும் வழி இதுதான்.

இதற்குச் சான்று தேடி ஷெட்லாந்து வரை போகலாம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, நார்வேயை நோக்கிய கடலில் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. அங்குள்ள ஆடுகள் சிறியவை, வெள்ளை முதல் சாம்பல், பழுப்பு, கறுப்பு வரை பல இயற்கை நிறங்கள் கொண்டவை. கோடைத் தொடக்கத்தில் அவற்றின் பழைய மயிர் வேரோரம் தானாகவே தளரும். கத்தரி போடாமல் கையாலேயே பறித்தெடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஓர் ஆட்டின் உடலில் எல்லா இடத்துக் கம்பளியும் ஒன்றல்ல. கழுத்தோரம் மிக மென்மை, தொடைப்பக்கம் முரடு. வடகோடியில் உள்ள அன்ஸ்ட் தீவுப் பெண்கள் லேஸ் சால்வைக்குக் கழுத்துக் கம்பளியைத் தனியே ஒதுக்கிவைத்து, தலைமயிரை விட மெல்லிய இழையாக நூற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் விக்டோரியா அரசி காலத்து நாகரிகச் சந்தையில் பெயர் பெற்ற அந்தச் சால்வைகளுக்குக் கல்யாண மோதிரச் சால்வை என்றே பெயர். ஆள் உயரச் சதுரமான சால்வையை ஒரு மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம். அந்த மென்மை ஊசியில் வந்ததல்ல. எந்த ஆடு, ஆட்டில் எந்த இடம் என்று பொறுக்கியபோதே சால்வை பாதி முடிந்துவிட்டது.

அதே தீவுகளில், அதே ஆட்டினத்திலிருந்து முற்றிலும் வேறொரு ஆடையும் பிறந்தது. ஃபேர் ஐல் என்ற சின்னத் தீவின் பெயரால் அழைக்கப்படும் பலவண்ண ஸ்வெட்டர் அது. ஒரு வரிசையில் இரண்டு நிறம் மட்டும் ஓடும். பயன்படாத நிறம் பின்பக்கம் தொங்கிக்கொண்டு வரும். உடம்பைக் குழாய் போல வட்டமாகவே பின்னி முடித்து, கை வைக்க வேண்டிய இடத்தைக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். பின்னிய துணியை வெட்டினால் கண்ணிகள் சரசரவென்று கழன்று போகாதா? போகவில்லை. ஷெட்லாந்துக் கம்பளியின் மேற்பரப்பு சொரசொரப்பானது, மயிர் சிலும்புவது. பக்கத்துக் கண்ணியைப் பற்றிக்கொண்டு நிற்கும். வழுவழுப்பான பட்டிலோ பருத்தியிலோ இதைச் செய்தால் ஸ்வெட்டர் கந்தலாகும். பிரிட்டனின் கடலோர மீனவர்கள் அணிந்த கேன்ஸி இன்னொரு துருவம். சீப்பால் வாரி இழைகளை ஒரே போக்கில் படுக்க வைத்து, இறுக முறுக்கி, ஐந்து புரி சேர்த்த நூல். அதை மெல்லிய ஊசியில் நெருக்கமாகப் பின்னினால் காற்றும் தூறலும் எளிதில் உள்ளே வராது. ரஷ்யாவின் ஒரென்பர்க் சால்வையில் வெள்ளாட்டின் உள்மயிரோடு மெல்லிய பட்டு நூலைச் சேர்த்து முறுக்குவார்கள்; கதகதப்பு மயிரிலிருந்து, உறுதி பட்டிலிருந்து. எந்த மரபை எடுத்தாலும் நூலுக்கு ஆடைதான் ஆணையிட்டிருக்கிறது.

அந்த ஆணை நூலுக்குள் எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இழைகளை நாலா திசையிலும் கலைத்து, காற்று நிறைந்த சுருளாக்கி, நீளமாக இழுத்து நூற்றால் நூல் உப்பலாக வரும். லேசாக இருக்கும், சூட்டைப் பிடித்து வைக்கும், ஆனால் உராய்வில் சீக்கிரம் தேயும். இழைகளை வாரி நேராக்கி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னோக்கி இழுத்து நூற்றால் நூல் வழுவழுப்பாக, திடமாக வரும். பளபளப்பும் உழைப்பும் கூடும், கதகதப்பு குறையும். அடுத்தது புரி. வலஞ்சுழியாக முறுக்கிய இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து இடஞ்சுழியாகத் திருப்பி முறுக்கினால், ஒன்றின் துடிப்பை மற்றொன்று அடக்குகிறது. டி-ஷர்ட்டில் கண்ட கோணல் இங்கே எழாது. இரண்டு புரி நூல் சற்றுத் தட்டையானது, கண்ணிக்குள் ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்கும். லேஸின் ஓட்டைகள் அதனால் விரிந்து துலங்கும். மூன்று புரி நூல் உருண்டையானது, கண்ணியை நிறைக்கும். சடைப் பின்னல் புடைத்துத் தெரிய அதுவே தோது. குதிகால் தேயும் காலுறைக்கு முறுக்கேறிய மூன்று புரி வேண்டும். குழந்தையின் கழுத்தைத் தொடும் துணிக்கு முறுக்கு குறைந்த மெத்து நூல் வேண்டும். நூற்று முடித்த பிறகு இவற்றை மாற்றுவது பெரும்பாலும் முடியாத காரியம்.

அளவுக் கணக்கும் இதே போலப் பின்னோக்கித்தான் ஓடுகிறது. கொஞ்சம் கம்பளியை நூற்று, புரி சேர்த்து, கழுவிக் காயவைத்து, 15 செ.மீ. சதுரமாக ஒரு மாதிரித் துண்டு பின்னுவதாக வைத்துக்கொள்வோம். அது 9 கிராம் இருந்தால், ஒரு கிராமுக்கு 25 சதுர செ.மீ. துணி. மார்புச் சுற்று 100 செ.மீ., உயரம் 60 செ.மீ. உள்ள ஸ்வெட்டரின் உடம்பு 6,000 சதுர செ.மீ.; சராசரி 32 செ.மீ. அகலமும் 45 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு கைகள் 2,880. ஆக ஏறக்குறைய 8,900 சதுர செ.மீ.; அதற்கு 356 கிராம். கழுத்துப்பட்டை, விளிம்பு, சேதாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 420 கிராம் என்று வைக்கலாம். இந்த நூல் 100 கிராமுக்கு 220 மீட்டர் ஓடினால், வேண்டியது 924 மீட்டர். இரண்டு புரி என்பதால் ஒற்றை நூல் இதைப்போல இரு மடங்கு. புரி சேர்க்கும்போது சுருங்குவதையும் கூட்டினால் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் நூற்றாக வேண்டும். கழுவாத கம்பளியில் எண்ணெய்ப் பசையும் மண்ணும் தூசும் இருக்கும். கழுவி, வாரி முடிப்பதற்குள் எடையில் 40 சதவீதம் போய்விடும் என்றால் தொடக்கத்தில் 700 கிராம் வாங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குபவருக்கு ஒரு கை பின்னும்போது நூல் தீரும். அதே நூலை மறுபடி வாங்கக் கடையும் கிடையாது.

மாதிரித் துண்டைக் கழுவிய பிறகுதான் அளக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. கைநூல் தண்ணீரில் உப்பும். பாபினில் மெல்லியதாகத் தெரிந்தது கழுவியதும் பருத்து நிற்கும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று நம்பி 220 கண்ணி போட்டவருக்கு 100 செ.மீ. சுற்று வரும். உண்மையில் 20 கண்ணிதான் என்றால் அதே சட்டை 110 செ.மீ. ஆகிவிடும், இரண்டே கண்ணி பிசகியதற்கு ஒரு சைஸ் வித்தியாசம். புத்தகத்தில் அச்சான வடிவங்கள் எல்லாம் ஏதோ ஓர் ஆலை நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கைநூல் அவற்றுக்கு அப்படியே பொருந்துவது அபூர்வம். இங்கே கைகொடுப்பது எலிசபெத் சிம்மர்மன் பரப்பிய சதவீத முறை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த அவர், நூல் எதுவானாலும் முதலில் உங்கள் கண்ணிக் கணக்கை அளந்துகொள்ளுங்கள் என்றார். உடம்புச் சுற்றுக்கான கண்ணிகளை 100 சதவீதமாக வைத்தால், மணிக்கட்டு சுமார் 20 சதவீதம், மேற்கை சுமார் 33 சதவீதம். 200 கண்ணி உடம்புக்கு மணிக்கட்டில் 40, மேற்கையில் 66. கடையில் இல்லாத நூலுக்குக் கடையில் இல்லாத அளவை இப்படிக் கண்டுகொள்ளலாம்.

கை என்ன எந்திரமா, காலையில் நூற்றதும் மாலையில் நூற்றதும் ஒரே மாதிரி வராதபோது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, நூல் ஏறி இறங்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் வழிகளும் திட்டத்திலிருந்தே வருகின்றன. மிதி ஒருமுறை அழுத்தினால் பத்துச் சுற்று சுழலும் ராட்டையில், ஒரு மிதிக்கு 5 செ.மீ. இழுத்தால் செ.மீ.க்கு இரண்டு முறுக்கு. இந்த எண்ணிக்கையைக் கால் மறக்காது. நூற்ற மாதிரியில் ஒரு சாண் நூலை அட்டையில் சுற்றி ராட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவைத்து அவ்வப்போது ஒப்பிடலாம். எல்லா ஒற்றை நூலையும் நூற்று முடித்து, முதல் பாபினையும் கடைசி பாபினையும் இணைத்துப் புரி சேர்த்தால் பருமனும் மெலிவும் ஒன்றையொன்று ஈடுகட்டும். பின்னும்போது இரண்டு சிட்டங்களை வரிசைக்கு வரிசை மாற்றிப் பின்னினால் மிச்ச வேறுபாடும் துணியில் பரவி மறையும். ஒரு ஸ்வெட்டருக்கான நூல் முழுவதும் முன்கூட்டியே தேவை என்று தெரிந்தவர்தான் இந்த நான்கையும் செய்ய முடியும்.

இரண்டாவது மறுப்பு மனநிறைவைப் பற்றியது. ராட்டையில் உட்காருவதே மனம் அமைதியாகத்தான். அங்கேயும் அளவுகோலும் தராசுமா என்பார்கள். ஷெட்லாந்துப் பெண்கள் என்ன நோட்டுப்புத்தகம் வைத்தா நூற்றார்கள் என்றும் கேட்பார்கள். பிந்தையதற்குப் பதில் எளிது: அவர்களுடைய திட்டம் எழுதப்படவில்லையே தவிர இல்லாமல் இல்லை. ஆடு ஒன்று, சால்வை வடிவம் ஒன்று, சொல்லித்தரத் தாயும் பாட்டியும் என்று தலைமுறை தலைமுறையாகச் சோதித்த முடிவுகள் அவர்கள் கையில் இருந்தன. இன்று மெரினோ, அல்பாகா, பட்டு என்று எந்த இழையும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அவ்வளவு தேர்வு உள்ளவருக்கு மரபின் இடத்தில் ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். முந்தைய கேள்வியில் உண்மை உண்டு. கை பழகும் நாட்களில் கணக்கு வேண்டாம், மனம்போல நூற்கலாம். அப்படிச் சேர்ந்த நூலையும் பயன்படுத்தலாம். உடம்பளவு பார்க்காத பொருளாக இருந்தால் போதும். நூறு கிராமில் ஒரு குல்லாய் தேறும். ஒரு முனையில் தொடங்கி அகன்றுகொண்டே போகும் முக்கோணச் சால்வையை நூல் தீரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உடம்பில் கச்சிதமாக உட்கார வேண்டிய ஆடைக்கு இந்தச் சலுகை கிடையாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: கடையில் நூல் மலிவாகக் கிடைக்கும்போது வாரக்கணக்கில் நூற்பது வீண் உழைப்பு அல்லவா? விலையில் கைநூல் ஜெயிக்காது. அந்தப் போட்டி 1760-களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தில் பல கதிர்களைச் சுழல வைத்த ஸ்பின்னிங் ஜென்னியிலேயே முடிந்துவிட்டது. அதனால்தான் இலக்கில்லாமல் நூற்பது உண்மையில் இழப்பாகிறது: கடை நூல் போன்றே ஒன்றை, அதைவிடச் சுமாராக, பல மடங்கு நேரம் செலவழித்துச் செய்து முடிக்கிறோம். ஆலை நூல் எல்லாருடைய எல்லாத் தேவைக்கும் நடுத்தரமாகச் செய்யப்பட்டது. முழங்கைக்கு முறுக்கைக் கூட்டி, கழுத்துக்குக் குறைத்து, ஒரே ஆட்டின் சாம்பல் முதல் கறுப்பு வரையான நிறங்களைச் சாயமில்லாமல் அடுக்கி, ஒரே ஒரு சட்டைக்காக எந்த ஆலையும் நூற்றுத் தராது. கையால் அது முடியும். எந்தச் சட்டை, யாருக்கு, எந்தக் குளிருக்கு என்று தெரிந்து நூற்பவர் செலவிடும் வாரங்களுக்கு மட்டுமே, கடையில் கிடைக்காத ஒன்று கூலியாகத் திரும்பி வருகிறது.