முசுக்கட்டையும் மாத்தளையும்: பட்டுப்புழு வளர்ப்போரின் பயிற்சித் தேவைகள் பற்றிச் சில குறிப்புகள்

பட்டினை உடுத்தோரையும் நெய்தோரையும் தமிழிலக்கியம் நன்கறியும். இரவிற் பட்டை நீக்கித் துகில் உடுக்கும் மகளிரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பட்டிலும் மயிரிலும் பருத்தியிலும் தொழில் செய்த நெசவாளரைப் புகார் நகரின் மக்களிடையே சிலப்பதிகாரம் வைத்துப் பேசுகிறது. ஆனால் புழுவுக்குத் தழையிட்டவரை அங்கு நாம் காண்பதில்லை. முசுக்கட்டைப் பட்டுப்புழு வளர்ப்புத் தென்னிந்தியாவில் வேரூன்றியது 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து மைசூருக்கு அதனைக் கொணர்ந்த பின்னரேயாகும். இத்தொழிலின் சொற்களுள் பல நமக்கு இரவலாக வந்தமைக்கும் இதுவே காரணம். மல்பெரி, இளம்புழு வளர்ப்பைக் குறிக்கும் சாக்கி, புழு கூடு கட்டும் மூங்கில் தட்டாகிய சந்திரிகை என்பன அத்தகையன.

இலங்கையில் முதல் முயற்சிகள் குடியேற்ற ஆட்சியாளருடையவை. ஒல்லாந்த ஆளுநர் ரைக்லொவ் வான் கூன்ஸ் 1663 இல் பதவியை ஒப்படைக்கும்போது, யாழ்ப்பாணத்தில் பட்டுப்புழு வளர்ப்புப் பரீட்சிக்கப்படுவதையும் அங்கு நட்ட முசுக்கட்டை மரங்கள் செழித்திருப்பதையும் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டின் அறிக்கையிலும் மரங்கள் இடம்பெற்றன. பின்னர் அம்முயற்சி கவனிப்பாரற்றுப் போயிற்று. மரம் வளர்ந்தமையால் மட்டும் தொழில் நிலைபெற்றுவிடுவதில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே மாத்தளையில் முசுக்கட்டை வளருமா என்ற வினாவில் நாம் நெடுநேரம் தங்கவேண்டியதில்லை. மிளகும் கொக்கோவும் கராம்பும் விளையும் தென்பகுதி மலைச்சாரல்களின் மிதமான வெப்பம் புழுவுக்கும் ஏற்றதே. அதனை வளர்ப்பவர் எந்நிலையில் இருக்கிறார் என்பதே நம் வினா.

புழுவின் வாழ்வை நோக்குவோம். முட்டையிலிருந்து வெளிவந்தது முதற் கூடு கட்டத் தொடங்கும்வரை ஏறத்தாழ 25 நாள். அதற்குள் நான்கு தடவை தோலுரிக்கும். உண்ணும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறுதி ஏழெட்டு நாள்களில் உண்ணப்படுவது. அந்நாள்களில் வீட்டிலுள்ள அனைவரது உழைப்பும் இரவு பகலாகத் தேவைப்படும். கூடு முற்றிய பின்னரும் வளர்ப்பவருக்கு ஓய்வில்லை. சில நாள்களுக்குள் கூட்டை விற்காவிடினோ, சூடேற்றி உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொல்லாவிடினோ அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளிவரும். அக்கூட்டிலிருந்து தொடர்ந்த இழையாக நூல் எடுத்தல் இயலாது. மிளகை உலர்த்தி வைத்து விலை ஏறும்வரை காத்திருக்கலாம். பட்டுக்கூட்டிலோ வாங்குபவனுக்குக் காலம் உண்டு, விற்பவனுக்கு இல்லை. கர்நாடகத்து இராமநகரத்திலும் தமிழ்நாட்டுத் தருமபுரியிலும் அரசின் கண்காணிப்பில் ஏலச்சந்தைகள் அமைந்ததன் பொருளாதாரக் காரணம் இதுவேயாம். சந்தையைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது தழை நறுக்குவதை மட்டும் கற்பிக்கும் பயிற்சி, உற்பத்தியாளனை இடைத்தரகனிடம் கையளிக்கும் பயிற்சியே.

நோய்களின் நிலையும் ஒத்ததே. பிரான்சின் தென்பகுதியிற் பட்டுத் தொழிலைச் சிதைத்த பெப்ரைன் நோயை 1865 முதல் ஆராய்ந்த லூயி பாஸ்டர், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை உருப்பெருக்கியில் நோக்கி நோயுற்றதன் முட்டைகளை விலக்கும் வழியை வகுத்தார். நோயற்ற முட்டைக்கு இன்றும் அடிப்படை அதுவே. இது தனியொரு விவசாயியால் ஆகக்கூடியதன்று. பொது நிறுவனத்தின் கடமை. அவ்வாறே இரண்டாம் தோலுரிப்பு வரையிலான இளம்புழுவைப் பொது மையத்தில் வளர்த்துப் பகிர்தல் தென்னிந்தியச் சிறு விவசாயிகளுக்குப் பெரும் இழப்பைத் தவிர்த்திருக்கிறது. வளர்ப்பவர் தம் இடத்தில் செய்யவேண்டியன வளர்ப்பறையை வெளிற்றுத்தூளாற் தூய்மை செய்தல், படுக்கையிற் சுண்ணாம்பு தூவுதல், ஊசி ஈ புகாது வலையிடுதல் முதலியனவாம். இவை கடினமானவை அல்ல. ஆனால் தனியறை வேண்டும்.

இங்குதான் மாத்தளையின் சமூக அமைப்பு குறுக்கிடுகிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர் இன்னும் லயன் அறைகளில் வாழ்கின்றனர். சமையலும் உறக்கமும் ஒரே இடத்தில் நிகழும் வீட்டில், புகையையும் அழுக்கையும் தாங்காத புழுவை எங்கே வைப்பது? முசுக்கட்டை நட அவர்களுக்குச் சொந்த நிலம் எங்கே? ‘விவசாயிக்குப் பயிற்சி’ எனும் தொடரில் விவசாயி என்பது நிலவுடைமையாளன் என்றே பொருள்படுமாயின், இவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்படுகின்றனர்.

இத்தனைக்கும் அவர்களிடம் திறன் இல்லையென்று எவரும் கூறவியலாது. இளம்புழுவுக்குத் துளிரிலையும் முதிர்புழுவுக்கு முற்றிய இலையும் தெரிந்து பறிக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையும் கண்ணும் இலையின் பருவத்தை முன்னரே அறிந்தவை. தழையிடல், படுக்கை நீக்கல், முதிர்ந்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் விடுதல் ஆகிய வேலைகளிற் பெரும்பகுதியைத் தென்னிந்தியாவிற் பெண்களே செய்கின்றனர். அவர்தம் கணவரைப் பகல்வேளையில் வகுப்புக்கு அழைத்துச் சான்றிதழ் வழங்குவது விசித்திரமான நடைமுறை.

மற்றொன்று கிருமிநாசினி. மாவட்டத்தின் வடபகுதியாகிய கலேவெல, தம்புள்ளைப் பக்கங்களில் மரக்கறிச் செய்கை செறிவானது. அயற்றோட்டத்தில் தெளித்த மருந்து காற்றில் வந்து முசுக்கட்டை இலையிற் படிந்தாற் புழுக்கள் கூட்டமாக மடியும். புகையிலையின் நிக்கொட்டினும் அத்தகையதே. முசுக்கட்டைக்காரர் மட்டும் பயின்று பயனில்லை. தெளிக்கும் நாளை முன்னறிவிக்கும் ஏற்பாட்டில் அயலவரும் சேரவேண்டும். விவசாயப் போதனாசிரியரின் வகுப்பு சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும், கொழுந்து நிறுத்து முடிந்த மாலைவேளையில், அவர்கள் அனைவரையும் ஒருங்கே அமர்த்தி நடத்தப்படல் வேண்டும்.