ஆம்பூர்ப் பந்தி

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ஆம்பூரை அடைகிறோம். தோல் பதனிடுதலுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் பெயர்பெற்ற இவ்வூருக்குப் பிரியாணியாலும் தனிப்புகழ் உண்டு. ஆர்க்காட்டு நவாபுகளின் அடுக்களையிலிருந்து அது வந்ததென்பர். நீண்ட அரிசியன்று, சிறுமணிச் சீரகச் சம்பாவே இதற்கு உகந்தது. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் நிறமும் காரமும் தருகிறது. புளிப்பேறிய கத்தரிக்காய்த் தொடுகறியும் தயிர் வெங்காயமும் உடன்வரும். ஸ்டார் பிரியாணிக் கடையை அங்கு எவரைக் கேட்டாலும் காட்டுவர்.

2022 மே மாதம் இங்கே பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றறிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. மழை வருமெனக் காரணங்காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. அவ்வூரின் உழைப்பாளர் பலர் விரும்பி உண்பதை விலக்கிவிட்டால், அது ஊரார் அனைவருக்குமான பந்தியாகுமா?

அவ்வழியே குடும்பத்தோடு செல்லும் அன்பர்களே, ஒருவேளை அங்கே அமர்ந்து உண்ணுங்கள். நாம் விரும்பியதை உண்போம். அடுத்த இலையில் இருப்பதைக் கண்டு முகஞ்சுளியாதிருப்போம். விருந்தினராய்ச் செல்வோர்க்கு அதுவே அழகு.