தடித்த எழுத்தும் தமிழின் சுழியும்

மயிலை லஸ் முனையிலிருந்து தியாகராய நகர்ப் பாண்டி பசார் வரை செல்வோமாயின், நம் கண்ணில் முதற்கண் படுவன கடைகளின் பெயர்ப்பலகைகளே. அவற்றுள் ஒருவகை எழுத்து நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. வட்டமும் நேர்கோடுமாக அமைந்தது; எங்கும் ஒரே தடிமன் உடையது; முனைகளில் சிறு குறுக்குக்கோடு இல்லாதது. தலைப்புக்கும் வணிகப் பெயருக்கும் உரிய இவ்வெழுத்து தமிழுக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மேலை நாட்டில் இவ்வகைக்குப் புகழ் தேடித் தந்தது, பால் ரென்னர் வடிவமைத்து 1927-இல் செருமனியில் வெளிவந்த ஃபியூச்சுரா. ஆயினும், தலைப்புக்கெனத் தனி எழுத்து வேண்டும் என்னும் எண்ணம் அதனினும் பழையது. ஈராக்கின் கூஃபா நகரால் பெயர்பெற்ற கூஃபி எழுத்தை நம்மில் பலர் அறிவர். திருக்குர்ஆனின் பாடத்தை நஸ்கு எழுத்தில் எழுதும் வழக்கம் வந்த பின்னரும், சூராக்களின் தலைப்புகளிலும் கட்டடக் கல்வெட்டுகளிலும் கோணமும் உறுதியும் மிக்க கூஃபி நிலைத்து நின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில், 1943-இல் தோன்றிய உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்தில் ஏட்டுச்சுவடிகள் உள்ளன. ஏட்டில் எழுத்தாணி கீறிய கோடு, நாணற்பேனாவின் கோடு போலப் பருத்தும் மெலிந்தும் செல்வதில்லை. ஏறக்குறைய ஒரே அளவில் செல்கிறது. எனவே, ஒரே தடிமனுள்ள கோடு தமிழுக்கு அயலானதன்று. நம் முன்னோர் கைப்பட வளர்ந்ததே எனலாம்.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பலவற்றின் உள்வெளி அகன்றது. கோட்டைத் தடிக்கச் செய்தாலும் எளிதில் அடைபடாது. தமிழின் உயிர்நிலையோ சிறு சுழிகளில் இருக்கிறது. இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் தடித்துச் சுழிகள் அடைபட்டால், மணம் மனமாகும், பணி பனியாகும். திருமணப் பட்டு விற்கும் கடையொன்றின் பலகையில் ‘மணமகள்’ என்பதைத் தொலைவிலிருந்து ‘மனமகள்’ என்றே நாம் படித்ததுண்டு. பிழை எழுதியவருடையதன்று, எழுத்துருவினுடையது.

மற்றொன்று, உயரம். ‘கி’யின் விலங்கு மேலே எழும், ‘ழு’வின் வளைவு கீழே இறங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்குள் இவை அனைத்தையும் அடைத்தால் தமிழ் சிறுத்துப் போகிறது. கடைப் பலகைகளில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அதனை இடத்தால் நிறைவேற்றி வடிவத்தால் மீறுவது முறையாகுமா?

வழியும் உண்டு. சுழியின் உள்வெளியை முதலில் வகுத்துக்கொண்டு, அதன் பின்னரே கோட்டின் தடிமனை முடிவு செய்தல் வேண்டும். கோடுகள் கூடும் இடத்தில் தடிமனைச் சற்றே குறைத்தல் வேண்டும். எழுத்தை அகலவிடுதல் வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ எழுத்துரு, கட்டுமரத்தின் பெயர் தாங்கியது. ஒரே தடிமனுள்ள கோட்டில், தமிழும் உரோமன் எழுத்தும் உடன்பிறந்தவைபோல் உருவாக்கப்பட்டு, ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒட்டுப்போட்டதாகத் தமிழ் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

நாளை விளம்பரமும் மலரும் பலகையும் அமைக்கப்போகும் மாணவர்களே! எழுத்துருவைத் தேரும்போது ‘மணம்’, ‘மனம்’ என இரண்டையும் எழுதிப் பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள். கண்ணைக் கவர்வது தடிமன். கருத்தைக் காப்பது சுழி. இரண்டும் ஒருங்கே அமைந்ததே நல்லெழுத்து.