நூற்றாண்டின் பெயர் தாங்கிய அரங்கம்

ஒரு நாட்டின் வரலாறு கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் பதிந்திருப்பதில்லை. மக்கள் கூடி மகிழும் விளையாட்டுத் திடல்களிலும் அது பதிந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் சிறிய நாடுகளுள் ஒன்றான உருகுவேயின் தலைநகர் மாண்டிவிடியோவில் உள்ள சென்டனாரியோ விளையாட்டரங்கம் இதற்குச் சான்றாகும். ‘சென்டனாரியோ’ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு ‘நூற்றாண்டு’ என்பது பொருள்.

அரங்கம் எழுந்த வரலாறு

உருகுவேயின் முதல் அரசியலமைப்பு 1830ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் ஏற்கப்பட்டது. அதன் நூற்றாண்டு விழாவும் முதல் உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியும் 1930இல் ஒருங்கே அமைந்தன. இவ்விரண்டிற்கும் உரிய அரங்கை ஹுவான் அந்தோனியோ ஸ்காசோ என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 1929ஆம் ஆண்டு சூலையில் அடிக்கல் நாட்டப்பட்டு, இரவு பகலாகப் பணிகள் நடைபெற்றன. எனினும், மழையால் காலத்தாழ்வு ஏற்பட்டது. எனவே, சூலை 13ஆம் நாள் தொடங்கிய உலகக்கோப்பையின் முதல் ஆட்டங்கள் நகரின் வேறு இரு திடல்களில் நடத்தப்பட்டன. நூற்றாண்டு நாளான சூலை 18 அன்று சென்டனாரியோ திறக்கப்பட்டது.

மறவாத ஆட்டங்கள்

திறப்பு நாளில் பெருவை எதிர்த்து உருகுவே ஆடியது. அரங்கின் முதல் கோலை அடித்து வெற்றி தேடித் தந்தவர் எக்தர் காஸ்ட்ரோ. அவர் சிறுவயதில் மின்ரம்பத்தால் வலக்கையின் முன்பகுதியை இழந்தவர்.

சூலை 30 அன்று உருகுவேயும் அர்ஜென்டினாவும் இறுதி ஆட்டத்தில் மோதின. எந்நாட்டுப் பந்தைக் கொண்டு ஆடுவது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. முற்பாதியில் அர்ஜென்டினாவின் பந்தும் பிற்பாதியில் உருகுவேயின் பந்தும் பயன்படுத்தப்பட்டன. இடைவேளையில் 1–2 எனப் பின்தங்கியிருந்த உருகுவே, 4–2 என்ற கணக்கில் வென்றது. இறுதிக் கோலை அடித்தவரும் காஸ்ட்ரோவே. மறுநாள் நாடெங்கும் பொது விடுமுறை விடப்பட்டது.

அமைப்பும் வசதிகளும்

ஏறத்தாழ 60,000 பேர் அமரத்தக்க இவ்வரங்கில் நான்கு பார்வையாளர் மாடங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றின் பெயர்கள் ஒலிம்பிக் வெற்றிகளை நினைவூட்டுகின்றன. 1924இல் பாரிசு ஒலிம்பிக்கின் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்த இடம் கொலோம்பெஸ். 1928இல் உருகுவே மீண்டும் தங்கம் வென்ற நகரம் ஆம்ஸ்டர்டாம். இவ்விரண்டும் இரு மாடங்களின் பெயர்களாயின. மூன்றாவது, ஒலிம்பிகா, நான்காவது, அமெரிக்கா. ஒலிம்பிகா மாடத்தின்மேல் ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. அரங்கினுள்ளேயே கால்பந்து அருங்காட்சியகமும் இயங்குகிறது.

பழமையைப் பேணுதல்

பழைய அரங்கை இடித்துப் புதியது கட்டுவது எளிய வழியாகத் தோன்றலாம். 1966 உலகக்கோப்பை இறுதி ஆட்டம் நடந்த இலண்டனின் பழைய வெம்பிளி அரங்கம் அவ்வாறே இடிக்கப்பட்டது. மாண்டிவிடியோ வேறு வழியைத் தேர்ந்தது. 1983இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு சென்டனாரியோவை உலகக் கால்பந்தின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 2021இல் தென் அமெரிக்கக் கழகங்களுக்கான இறுதி ஆட்டங்களை முன்னிட்டு அதன் புல்தரையும் மின்விளக்குகளும் புதுப்பிக்கப்பட்டன. பழைய தோற்றம் மாறவில்லை. 2030 உலகக்கோப்பையின் நூற்றாண்டுச் சிறப்பு ஆட்டத்திற்கு இவ்வரங்கமே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது.

காலத்திற்கேற்ற வசதிகளை ஏற்றுக்கொண்டே ஒரு கட்டடம் தன் நினைவுகளையும் காத்து நிற்க முடியும். சென்டனாரியோவின் மாடங்களில் அமரும் இளைஞர், தம் முன்னோர் ஆர்ப்பரித்த அதே இடத்தில் அமர்கின்றனர்.