மையமற்ற வலையும் முதல் வாசலும்

'மையம்' என்ற சொல்லை நாம் நிறையவே விமர்சித்திருக்கிறோம். மையமில்லாத ஓர் அமைப்பு உண்மையிலேயே கைக்கு வந்துவிட்டால் அதற்குள் எப்படி நுழைவது என்பதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மாஸ்டடான் என்கிற செய்தி வலைக்குப் புதிதாக வருகிறவர் வாசலிலேயே கேட்கும் கேள்வி: "அது சரி, எந்த சர்வர்ல சேருறது?"

2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ரோஷ்கோ வெளியிட்ட மென்பொருள் அது. ட்விட்டர் மாதிரிதான் எழுதலாம், படிக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே கம்பெனியின் கணிப்பொறிகளில் கிடப்பதில்லை. யார் வேண்டுமானாலும் மென்பொருளை எடுத்துத் தனக்கென ஒரு சர்வர் நடத்தலாம். சர்வர்கள் பொதுவான ஒரு நெறிமுறை வழியாகத் தமக்குள் பேசிக்கொள்ளும். ஒன்றில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைத் தொடரலாம், பதில் எழுதலாம். மின்னஞ்சல் போலத்தான் என்று சொல்லிவிடுவார்கள். பாதி சரி. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

'சர்வர்' என்றால் நமக்கு ஓட்டலில் தோசை கொண்டுவருபவர்தான் ஞாபகம். தமிழில் 'வழங்கி' என்கிறோம். அதில் ஒரு தர்மவாடை. இரண்டு சொல்லுமே அதிகாரத்தை மறைக்கின்றன. சர்வர் நடத்துபவர் உங்கள் கணக்கை நீக்கலாம். வேறொரு சர்வரை முழுசாகத் துண்டிக்கலாம். அங்குள்ள நண்பர்களோடு உங்களுக்கிருந்த தொடர்பும் அதோடு போகும். 'தனிச்செய்தி' என்று நீங்கள் அனுப்புவது, அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்படாமல், அவருடைய தரவுதளத்தில் கிடக்கும்.

இது வெறும் கோட்பாட்டுப் பயம் அல்ல. அரசின்மைவாதிகளும் போராட்டக்காரர்களும் கூடியிருந்த சர்வர் கோலெக்டிவா. 2023 மே மாதம் அதன் நிர்வாகிகளில் ஒருவருடைய வீட்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. வந்தது வேறொரு வழக்குக்காக. அந்த நேரத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்த தரவுதளப் பிரதி, குறியாக்கம் இல்லாத பிரதி, கணிப்பொறியோடு சேர்ந்து போய்விட்டது. மின்னஞ்சல் முகவரிகள், தனிச்செய்திகள் எல்லாம் அதில் அடக்கம். 'நம்ம ஆளுங்க நடத்துறது' என்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது.

க்வீர்.ஏஎஃப் கதை வேறு மாதிரி. பால் விளிம்பினருக்கான அந்த சர்வர் சொல்விளையாட்டாகச் சூட்டிக்கொண்ட பெயரின் வாலில் இருந்த இரண்டு எழுத்து, ஆப்கானிஸ்தானுக்குரிய இணைய விகுதி. 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகத்தின் கீழ் அந்தப் பெயரே முடக்கப்பட்டது. சர்வரை யார் நடத்துகிறார் என்பதோடு, அதன் பெயர் எந்த அரசின் கையில் இருக்கிறது என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

ஆகவே சர்வர் பட்டியல் தயாரிப்பது அப்பாவித்தனமான குமாஸ்தா வேலை அல்ல. மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற 2019 முதல் ஓர் உடன்படிக்கை உண்டு. இனவெறி, பால்வெறுப்பு போன்றவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கவேண்டும். தினமும் நகல் எடுத்துவைக்க வேண்டும். அவசரத்துக்கு இன்னொருவரிடமும் சாவி இருக்க வேண்டும். மூடுவதென்றால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இலட்சியம் கம்மி, நிர்வாகம் ஜாஸ்தி. அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த இதழ் வராது என்று மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட்டு நின்ற சிறுபத்திரிகை எது?

அந்த மூன்று மாதத்துக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. கணக்கை வேறு சர்வருக்கு மாற்றலாம். உங்களைத் தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஆனால் 'இவர் இடம் மாறிவிட்டார்' என்று அறிவிக்க வேண்டியது பழைய சர்வர். அது திடீரென்று செத்துப்போனால் அறிவிக்க ஆள் இல்லை.

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனதும் ஏராளமானவர்கள் இங்கே வந்து, சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இடத்திலேயே திகைத்தார்கள். 2023இல் மாஸ்டடானின் கைபேசிச் செயலி மாஸ்டடான்.சோஷியல் என்ற தனது சொந்த சர்வரையே முதல் பொத்தானாக வைத்தது. 'மற்றவை' என்பது அதற்குக் கீழே. மையம் பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டது என்று சிலர் கொதித்தார்கள். கொதிப்பு நியாயம்தான். ஆனால் உள்ளே ஆள் தெரிந்தவன் யாரையாவது கேட்டுச் சேர்ந்துவிடுகிறான். ஆள் தெரியாதவன் நூற்றுக்கணக்கான பெயர்களின் முன்னால் நிற்கிறான். அவனிடம் 'தேர்வுச் சுதந்திரம்' பேசுவது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் சலுகையைச் சுதந்திரம் என்று பெயர் மாற்றுவதுதான்.

2019இல் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்தும் பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள். அப்படி ஒருவர் நம்மிடம் வந்து கேட்டால் முழுப் பட்டியலையும் நீட்டாமல், நமக்குத் தெரிந்த இரண்டோ மூன்றோ சர்வர்களைக் காரணத்தோடு சொல்லலாம்: நடத்துவது ஒருவரா குழுவா, காசு எங்கிருந்து வருகிறது, எந்த நாட்டுச் சட்டத்துக்குள் இருக்கிறது, யாரைத் துண்டித்திருக்கிறது. கடைசி விஷயத்தைப் பல சர்வர்கள் தம் அறிமுகப் பக்கத்திலேயே வெளியிடுகின்றன. சேர்ந்த அன்றைக்கே, தான் தொடர்பவர்களின் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளவும் சொல்லவேண்டும். அமைப்புகள் பகுதியில் ஏற்றுமதி என்ற இடத்தில் அது கிடைக்கும்.